சவரிமுத்து அண்ணனின் தாமதம்

போன மாதம் பெரம்பலூரில் ஒரு கல்யாணத்தில், எங்கள் மெல்லிசைக் குழுவில் அந்தக் காலத்தில் பாடிய ஒரு பாடகியின் மகளைப் பார்த்தேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குப் போகிறாள். மிச்ச நேரத்தில் கம்ப்யூட்டரில் ராப் பாட்டுக்குத் தாளம் போடுகிறாளாம். நான் ஒரு காலத்தில் மேடையில் ரிதம் பாக்ஸ் வாசித்தவன் என்று அவள் அம்மா சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செல்போனை என் காதருகே வைத்தாள். அந்த வகைத் தாளத்துக்கு பூம் பாப் என்று பெயராம். பூம் என்பது காலால் மிதிக்கிற பெரிய டிரம், கிக். பாப் என்பது குச்சியால் அடிக்கிற சைடு டிரம். அதை இப்போது ஸ்நேர் என்கிறார்கள்.

"மெஷின்லதான் அங்கிள் போடறோம். ஆனா மெஷின் மாதிரி இருக்கக் கூடாது. அதனால கிக்க அதோட எடத்துல வச்சுட்டு, ஸ்நேர மட்டும் ஒரு பொடி லேட்டாக்குவோம்" என்றாள். "ஒங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? எழுதிக் குடுங்களேன், எங்க வாட்ஸ்அப் குரூப்ல போடறேன்."

இருந்தது என்று மட்டும் சொன்னேன். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். முடித்ததும் அவளுக்கே அனுப்பிவிடுவேன். என்னைப் பற்றி ரொம்ப நல்ல விதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், அது கொஞ்சம் குறையட்டும்.

எனக்கு சிறுவாச்சூருக்கு மேற்கே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். பத்தாம் வகுப்பில் கணக்கு காலை வாரியது. பெரம்பலூரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் நாலு வருஷம் ஈயப் பற்று வைத்தேன். அங்கிருந்து மைக் செட்டுக்குப் போனேன். மைக் செட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு அரியலூரில் ஒரு மெல்லிசைக் குழுவுக்குப் போனேன். எழுபதுகளின் கடைசி அது. ஒரு நாள் மராக்காஸ் குலுக்குகிறவர் வரவில்லை. அது வேறொன்றுமில்லை, உள்ளே மணி போட்ட சுரைக்குடுக்கை. "கை சும்மாத்தான இருக்கு, நீங்க குலுக்குங்க" என்றார் மாஸ்டர். நான் வாத்தியக்காரன் ஆனது அவ்வளவுதான்.

மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பெயர் தங்கராசு. போலீஸ் பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர். குழு அவருடையது, ஆர்கனும் அவரே. யாரையும் ஒருமையில் அழைக்க மாட்டார், எச்சில் டம்ளர் எடுப்பவரைக்கூட வாங்க போங்க என்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒத்திகைக்கு வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி நோட்டு ஸ்டாண்டின் மேல் வைப்பார். ஒரு பாட்டை எடுத்தால் முதலில் ஒரிஜினலைக் கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பார். பதினைந்து விநாடிக்கு எத்தனை தட்டு என்று எண்ணி, நாலால் பெருக்கி, டைரியில் பாட்டின் தலையில் அந்த எண்ணை எழுதுவார். தொண்ணூற்றிரண்டு என்று எழுதிவிட்டால், அந்தப் பாட்டு எங்கள் மேடையில் எத்தனை வருஷம் ஆனாலும் தொண்ணூற்றிரண்டில்தான் நடக்கும். யாராவது தப்பு செய்தால் "மறுபடி" என்பார். அவர் ரொம்பக் கோபப்பட்டால் "உக்காருங்க" என்பார். நின்று வாசிக்கிறவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

டிரம் செட்டில் உட்கார்ந்தவர் சவரிமுத்து அண்ணன். வரதராஜன்பேட்டைக்காரர். சர்ச் பேண்டில் சைடு டிரம் மாட்டிக்கொண்டு தேருக்கு முன்னால் நடந்தவர். அப்போது நாற்பது வயது இருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள், பத்துப் பதினைந்து முந்திரி மரங்கள். வாரத்துக்கு இரண்டு முறை ஜெயங்கொண்டம் வந்து அரியலூர் பஸ் பிடிப்பார்.

நான் அவருக்கு இடது பக்கம் நின்று ஐந்து வருஷம் குடுக்கை குலுக்கினேன். அதனால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவருடைய கால் அடி கடிகாரம் மாதிரி சரியாக விழும். சைடு டிரம் மட்டும் விழ வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் விழும். வேகமான பாட்டில் தெரியாது. தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு நடையில் நன்றாகத் தெரியும். பார வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிற மாதிரி ஒரு சின்ன இழுப்பு. இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவே இடது கைக் குச்சியால் தோலை லேசாகத் தொட்டுக்கொண்டே இருப்பார். அது கூட்டத்துக்குத் தனியாகக் கேட்காது, ஆனால் அது இல்லையென்றால் இழுப்பு இல்லை. அந்த இழுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறவன் தலை ஆடும், பந்தியில் இலை போடுகிறவன் நடைகூட மாறும். அவரிடம் கேட்டால் ஒன்றும் தெரியாது. "நேராத்தான தம்பி அடிக்கிறேன்" என்பார்.

எண்பதுகளின் நடுவில் மாஸ்டர் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் மூலம் ஒரு ரிதம் பாக்ஸ் வரவழைத்தார். டிஃபன் பாக்ஸைத் தட்டையாக்கியது போல் ஒரு பெட்டி, மேலே ரப்பர் பொத்தான்கள். அதோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தேன். ஒரு தாளச் சுற்றைப் பதினாறு கட்டமாக அது வெட்டி வைத்திருந்தது. நான் கட்டம் போட்ட கணக்கு நோட்டை வாங்கி, வரிக்குப் பதினாறு கட்டம் ஒதுக்கினேன். மேல் வரி சிம்பல் என்கிற பித்தளைத் தட்டு, நடு வரி சைடு டிரம், கீழ் வரி கிக். ஒன்றில் கிக், ஐந்தில் சைடு டிரம், பதினொன்றில் இன்னொரு கிக், பதின்மூன்றில் மறுபடி சைடு டிரம். நோட்டில் புள்ளி வைத்துப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவேன். பிறகு எந்தச் சுற்று எத்தனை முறை, எங்கே உருட்டல், எங்கே நிறுத்தம் என்று கோத்தால் ஒரு பாட்டு முழுவதும் அது தானாக வாசிக்கும்.

அதில் இன்னொரு வசதி உண்டு. நாம் பொத்தானைத் தாளத்தோடு கையால் தட்டி ஏற்றலாம். தட்டு கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தால், பக்கத்துக் கட்டத்துக்கு அதுவே இழுத்துச் சரி செய்துகொள்ளும். அந்தத் திருத்தத்தை நிறுத்தவும் வழி இருந்தது. நிறுத்தினால் தட்டியது தட்டிய இடத்திலேயே நிற்கும். இது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருந்தது. குழுவில் அதைப் படித்தவன் நான் ஒருவன்தான்.

இரண்டு பேருக்கு இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. பெட்டி தங்கினால் டிரம் செட் வேண்டாம், வேனில் பாதி இடம் மிச்சம். டிரம் செட் தங்கினால் பெட்டி திரும்பப் போகும், நான் மறுபடி குடுக்கை குலுக்கிக்கொண்டு மைக் செட்டுக்கு ஒயர் இழுக்கப் போவேன். மாஸ்டர் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. "ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டையும் வச்சுப் பாத்துருவோம்" என்றார்.

அரியலூர் ஸ்டேஷன் பக்கம், மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடி எங்கள் ஒத்திகை அறை. காலை பத்து மணி. மாஸ்டர், சவரிமுத்து அண்ணன், நான், மூன்று பேர்தான். மாஸ்டர் கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். பெட்டியில் தொண்ணூற்றிரண்டு நடையில் வெறும் 'டக்' சத்தம் மட்டும் வைத்து ஸ்பீக்கரில் விடச் சொன்னார். அண்ணன் அதோடு சேர்ந்து வாசிக்க வேண்டும்.

கிக் விழுந்தபோதெல்லாம் இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்டன. சைடு டிரம் விழுந்தபோது முதலில் டக், பிறகு டப். ஒவ்வொரு முறையும். மூன்று பாட்டு நடை போட்டுப் பார்த்தோம், மூன்றிலும் அப்படியே. அண்ணனுக்கும் அன்றுதான் அது காதில் விழுந்தது. முகம் சுருங்கிவிட்டது.

"மறுபடி" என்றார் மாஸ்டர்.

மறுபடியும் டக், டப். அடுத்து பெட்டியின் பொத்தானையே அவரைத் தட்டச் சொன்னார். தட்டினார். நான் திருப்பிப் போட்டேன். திருத்தத்தை நான் நிறுத்தாமல் விட்டிருந்ததால் எல்லா அடியும் கட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்து வந்தன.

"பாத்தீங்களா சவரிமுத்து. நீங்க அடிச்சதத்தான் மிஷினு சரி பண்ணிக் குடுக்குது" என்றார் மாஸ்டர். ஏளனம் எதுவும் இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க அஞ்சு வருசமா பக்கத்துலயே நின்னவரு. நீங்க என்ன சொல்றீங்க?"

தப்பாக அடிக்கிறவன் ஒரு முறை முந்துவான், ஒரு முறை பிந்துவான். ஒவ்வொரு முறையும் அதே அளவு பிந்துகிறவன் தப்பு செய்யவில்லை. அது எனக்குத் தெரியும். அந்தத் திருத்தத்தை நிறுத்திவிட்டு, கேளுங்க சார், இதுதான் நம்ம குழுவுக்குப் பேரு வாங்கிக் குடுக்குது என்று சொல்லியிருக்கலாம். பொத்தான் என் விரலுக்குக் கீழேயே இருந்தது.

"கொஞ்சம் லேட்டாத்தான் சார் வருது" என்றேன்.

சொன்னது பொய்யில்லை. ஒரு வார்த்தை பொய் சொல்லாமல் ஒரு மனிதனை எழுப்பி அனுப்பிவிட முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அண்ணன் குச்சிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு எழுந்தார். "தப்பு நம்ம பேருல இருக்கயில என்ன சொல்றது மாஸ்டர். போயிட்டு வரேன்" என்றார். படி வரை போய்த் திரும்பி என்னிடமும் "வரேன் தம்பி" என்றார்.

பெட்டியோடு நாங்கள் போன முதல் கச்சேரி பெரம்பலூரில் ஒரு மத்தியான விருந்து. எல்லாம் சரியாக நடந்தது, ஒரு கட்டம் பிசகவில்லை. யாரும் தலை ஆட்டவில்லை. இரண்டாவது கச்சேரியும் அப்படித்தான். மூன்றாவது முடிந்து வேன் ஏறும்போது மாஸ்டர், "என்னமோ கொறையுதுங்க. என்னன்னு பாருங்க" என்றார்.

என்னவென்று நான் பார்க்க வேண்டியதே இல்லை. பழைய கச்சேரிகளை மிக்ஸரிலிருந்து நான் கேசட்டில் எடுத்து வைத்திருந்தேன். ரேடியோ கடை முதலாளி மத்தியானம் சாப்பிடப் போகிற நேரத்தில் அங்கே உட்கார்ந்தேன். ஒரு காதில் கேசட், ஒரு காதில் பெட்டி. கேசட்டின் வேகத்துக்குப் பெட்டியை இழுத்துப் பொருத்தினேன். கிக்கைக் கட்டத்தில் வைத்தேன். பிறகு திருத்தத்தை நிறுத்திவிட்டு, சைடு டிரம்மை மட்டும் அண்ணன் அடியோடு சேர்த்துக் கையால் தட்டினேன். முதலில் இரண்டு சத்தமாகக் கேட்டது. அழித்தேன், மறுபடி தட்டினேன். ஒன்பது நாள் ஆயிற்று, இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்க. அதன் பிறகு இடது கையின் அந்த லேசான தொடுதல்களை, சத்தத்தைக் கால்வாசியாகக் குறைத்து நடுவில் வைத்தேன். சிம்பல் தட்டிலும் ஒன்று விட்டு ஒரு அடியை மெலிதாக்கினேன். போட்டுக் கேட்டபோது கடைக்குள் அவர் உட்கார்ந்து வாசிப்பது போலிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது அரியலூர் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் ஊழியர் விழா. அந்தத் தொண்ணூற்றிரண்டு நடைப் பாட்டு தொடங்கி நாலாவது சுற்றிலேயே முன் வரிசை எழுந்துவிட்டது. பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். கச்சேரி முடிந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே மாஸ்டர் கேட்டார். "இப்ப உசுரு வந்துருச்சு. என்ன பண்ணினீங்க?"

"கொஞ்சம் மாத்தினேன் சார்."

அதன் பிறகு என் பெயர் பரவியது. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழுக்களெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என்னிடம் வந்தன. பொட்டிக்காரர் என்றால் அரியலூரில் வழி காட்டுவார்கள். பதினெட்டு வருஷம் அந்த வேலையில் மரியாதையாக வாழ்ந்தேன், ஒரு வீடு கட்டினேன். அத்தனைக்கும் அஸ்திவாரம் அந்த ஒன்பது நாள்.

ஆனால் மேடையில் பொத்தானை அழுத்துகிறபோதெல்லாம் அவர் அடி கேட்டது. கைதட்டு எனக்கு வந்தது. அண்ணன் போய் எட்டு மாதம் வரை பொறுத்தேன். கடைசியில் ஒரு நாள் மாஸ்டர் வீட்டுக்குப் போய், நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அது சவரிமுத்து அண்ணன் கை சார். கேசட்டுலேர்ந்து எடுத்தது."

"எப்பலேர்ந்து தெரியும் ஒங்களுக்கு?"

"மொதல்லேர்ந்தே தெரியும் சார். நீங்க கேட்டப்பயும் தெரியும்."

"உக்காருங்க" என்றார்.

என் எதிரிலேயே ஒரு தபால் கார்டு எடுத்து, அண்ணனுக்கு அவர் கைப்பட எழுதினார். தவறு நடந்துவிட்டது, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வரவும், உங்கள் இடம் உங்களுக்கு இருக்கிறது. மூன்று வரிதான். என்னைத்தான் தபால் பெட்டியில் போடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணன் வந்தார். இளைத்திருந்தார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. மாஸ்டருக்கு ஒரு பை முந்திரிப் பருப்பு கொண்டுவந்திருந்தார். டிரம் செட்டைத் துடைத்து, திருகுகளை முடுக்கி, உட்கார்ந்தார். மாஸ்டர் ஏதோ பேச வாயெடுத்தார். அதற்குள் அண்ணன், "மொதல்ல ஒரு தடவ கேட்ருங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

கிக் விழுந்தது. சைடு டிரம் விழுந்தது. கட்டத்தில் விழுந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு மயிரிழை பிந்தவில்லை. இடது கையின் தொடுதல்கள் ஒன்றுகூட இல்லை. பெட்டி வாங்கிய புதிதில் நான் நோட்டில் புள்ளி வைத்து ஏற்றினேனே, அதே தாளம்.

நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "இப்ப சரியா இருக்கா மாஸ்டர்?"

மாஸ்டர் தலையை அசைத்தார். "சரியா இருக்கு சவரிமுத்து."

"எட்டு மாசம் வூட்டுல ஒக்காந்து பண்ணினேன். அலாரம் கடிகாரத்தக் குண்டானுக்குள்ள வச்சா சத்தம் நல்லா கேக்குது. அதோட சேந்து பலகையில அடிப்பேன். மொதல்ல கை கேக்கல. அப்பறம் படிஞ்சிருச்சு." என் பக்கம் திரும்பினார். "நீங்க அன்னைக்கு ஒள்ளத சொன்னீங்க தம்பி. இல்லாட்டி எனக்கு என் தப்பு தெரியாமலே போயிருக்கும்."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். கொஞ்சம் கழித்து, திரும்பாமலே, "பொட்டியப் போடுங்க" என்றார்.

போட்டேன். சிமெண்ட் ஆலை விழாவில் ஆட வைத்த சுற்று. அண்ணன் குச்சியைத் தூக்கி அதோடு சேர்ந்துகொண்டார். நாலு சுற்று போனது. புருவத்தைச் சுருக்கி, கையைக் காட்டினார்.

"நிறுத்துங்க தம்பி. பொட்டி லேட்டா வருது. சைடு டிரம் மட்டும் பின்னால வுழுவுது பாருங்க. பேட்டரி எறங்கியிருக்கும்."

"பேட்டரி இல்லண்ணே. அது நீங்கதான்."

அவருக்குப் புரியவில்லை. கேசட்டைப் பற்றி, ஒன்பது நாளைப் பற்றி, திருத்தத்தை நிறுத்துகிற வழியைப் பற்றி எல்லாம் சொன்னேன். ஜனங்கள் ஆடியதைச் சொன்னேன். அந்த இழுப்புதான் எங்கள் குழு, அது தப்பே இல்லை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே குச்சிகளை மடியில் வைத்துவிட்டார்.

"அன்னைக்கு மாஸ்டர் கேட்டப்ப ஏன் தம்பி சொல்லல?"

"பொட்டி போயிட்டா நான் மறுபடி ஒயர் இழுக்கப் போவணும்ணே. பயந்துட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ போடுங்க" என்றார்.

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுச் சுற்றும் கேட்டார். பிறகு குச்சியை எடுத்துப் பெட்டியோடு சேர்ந்து அடித்துப் பார்த்தார். ஒரு முறை முந்தி விழுந்தது. அடுத்த முறை மிகவும் பிந்திவிட்டது. அதற்கு அடுத்தது கட்டத்தில் போய் உட்கார்ந்தது.

"இன்னொரு தடவ."

மத்தியானம் வரை போட்டேன். அது அவர் கைக்கு வரவில்லை.